உறுப்பினர் குட்டி

— கதவைச் சாத்திட்டு உள்ளே வா குட்டி. கூட்டத்துல உன்னை யாரு கையைத் தூக்கச் சொன்னது?

— நீங்கதான், டைரக்டர் சார்.

— நான் தூக்கச் சொன்னது மாநாட்டு மண்டபத்துக்கு! மையத்து வேனை விக்கக் கூடாதுன்னு அந்தத் தெரபிஸ்ட் அம்மா சொன்னதுக்கு ஏன் தூக்கினே? உன் ஒரு கையாலதான் நான் தோத்தேன்.

— வேன் வேணும் சார்.

— உனக்கெதுக்கு? நீதான் நடந்தே மையத்துக்கு வந்துடறியே.

— எப்பவும் சிரிச்சிட்டே இருப்பாங்களே, அந்தச் சிரிப்பு அக்காவுக்குச் சார். அவங்களுக்கு நடக்க வராதுல்ல. நீங்க வேனை நிறுத்தினதும் வீட்டோட இருக்காங்க. அவங்க அம்மா வெளியில பூட்டிட்டு வேலைக்குப் போறாங்க. நான் ஜன்னல்கிட்ட நின்னு பேசினேன். சிரிக்கவே இல்ல சார்.

— அதெல்லாம் உணர்ச்சி, கண்ணு. நிர்வாகம் வேற. வேனை வித்தாத்தான் மண்டபம் எழும்பும்.

— மண்டபத்துல என்ன சார் பண்ணுவாங்க?

— உங்களை மாதிரிக் குழந்தைங்க வீட்டுக்குள்ள முடங்கிடக் கூடாதுன்னு பெரிய பெரிய ஆளுங்க வந்து பேசுவாங்க.

— அதைக் கேக்க அக்கா எப்படிச் சார் வருவாங்க?

— எதிர்த்துப் பேசாதே கண்ணு! மையத்துக்கு வர்றவங்கள்ல ஒருத்தர் நிர்வாகக் குழுவில இருந்தே ஆகணும்னு விதி வந்தப்ப, இத்தனை பேர்ல உன்னை ஏன் பொறுக்கி எடுத்தேன்?

— வாயே திறக்க மாட்டேன்னு. போன்ல சொல்லிட்டிருந்தீங்க. அப்புறம் சார், நான் குழந்தை இல்ல. எனக்கு நாப்பத்தொண்ணு. உங்களைவிடப் பெரியவன்.

— சரிங்க பெரியவரே! டவுன் சிண்ட்ரோம் உள்ளவங்க எவ்வளவு அன்பானவங்கன்னு மேடை மேடையாப் பேசறேன். நீ என்னடான்னா அத்தனை பேர் முன்னாடி என் மூக்கை உடைச்சிட்டே.

— நீங்க மேடையில பேசினா நான் தூங்கிடுவேன் சார்.

— தூங்கு, நல்லாத் தூங்கு! நான் பாதியில எழுந்து வந்ததுல எல்லாரும் ஆடிப் போயிருப்பாங்க. இப்பவே போய் அந்தத் தீர்மானத்தை மாத்தச் சொல்றேன்.

— அங்க யாரும் இல்ல சார். கிளம்பிட்டாங்க.

— நான் இல்லாம எப்படிக் கூட்டம் முடியும்?

— நீங்க கதவை டமால்னு சாத்திட்டு வந்ததும் இன்னொரு ஓட்டு எடுத்தாங்க. நீங்க டைரக்டரா இருக்கலாமா, வேணாமான்னு.

— என்னது? இரு, இரு... இருக்கலாம்னு எத்தனை பேர் தூக்கினாங்க?

— ஒருத்தர்தான் சார்.

— ஒருத்தரா! டாக்டராத்தான் இருக்கும். அவரு ஒருத்தர்தான்யா மனுஷன்.

— டாக்டர் இல்ல சார். பாவமா இருந்துச்சு, நான்தான் தூக்கினேன்.