மூன்று எண்ணும் நேரம்

மூன்று எண்ணுகிற நேரம்தானே. அதற்குள் ஒரு மனுஷன் வெந்துபோவானா? வண்டியில் ஏற்கெனவே கோளாறு இருந்திருக்கும். இருந்திருக்க வேண்டும்...

பத்து மாதமாக ஆதிலட்சுமி மனத்துக்குள் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான். வாய்விட்டு ஒருவரிடமும் சொன்னதில்லை.

என் சிநேகிதி வேதாவுக்குச் சித்தி அவள். பல வருஷம் கழித்து வேதாவிடம் மட்டும் சொன்னாள். வேதா என்னிடம் சொன்னாள். கரண்ட் வருகிற வரைக்கும் உங்களுக்குச் சொல்கிறேன். மெழுகுவத்தியை நடுவில் வை, சரசு.

"வண்டியில பேயாக்கா? பின் சீட்டுல உக்காந்துக்கினு வருமா?" என்கிறாள் சரசு.

அந்த வண்டிக்குப் பின் சீட்டே கிடையாது. கேள்.

எழுபத்தொன்பதாம் வருஷம், ஐப்பசி. ராத்திரி பதினொன்றரை மணி. திருவண்ணாமலையில் ஆசிரமத்தைத் தாண்டிச் செங்கம் ரோட்டில் போனால் அப்போதெல்லாம் விளக்கு கிடையாது. இரண்டு பக்கமும் புளியமரம். வலது கைப்பக்கம் மலை... இருட்டில் அது தெரியாது, அங்கே நட்சத்திரம் இல்லாததை வைத்துத்தான் தெரியும். கடைசி பஸ் போய்விட்டது. ரோட்டோரம் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் மட்டும் பெட்ரோமாக்ஸ் வெளிச்சம்.

அது சகாதேவனின் மெக்கானிக் ஷெட். சகாதேவன் ஆதிலட்சுமியின் புருஷன். அவன் செத்துப் பத்து மாதம்.

உள்ளே நின்றது ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட்டு, கூரை இல்லை, தரையோடு தரையாகத் தவளை மாதிரி. இருபது வருஷப் பழசு. ஆசிரமத்துப் பக்கம் வாடகைக்கு இருந்த ஒரு வெள்ளைக்காரர் அவருடைய நாட்டிலிருந்தே ஓட்டிக்கொண்டு வந்தது. வெளியே ஒரு சொட்டு ஒழுகவில்லை, ஆனால் தண்ணீர் குறைந்துகொண்டே இருக்கிறது என்று சகாதேவனிடம் விட்டார்.

இன்ஜினின் தலைக்கும் உடம்புக்கும் நடுவில் ஒரு தகடு உண்டு. கேஸ்கட் என்பார்கள். அது எங்கேயாவது கருகி வழிவிட்டால், உள்ளே வெடிக்கிற காற்று தண்ணீருக்குள் புகுந்துவிடும். ரேடியேட்டர் மூடியைக் கழற்றிவிட்டு ஒருவர் உள்ளே பார்த்துக்கொண்டிருக்க, இன்னொருவர் வண்டியில் உட்கார்ந்து ஆக்ஸிலேட்டரை மிதிக்க வேண்டும். ரேஸ் கொடுப்பது என்பார்கள். குமிழி விடாமல் வந்தால் கேஸ்கட் போயிற்று.

எட்டு வருஷமாகச் சகாதேவனுக்கு ரேஸ் கொடுத்தது ஆதிலட்சுமிதான். தூக்கி நிறுத்திய பானட் மறைப்பதால் அவள் அவனைப் பார்க்க முடியாது. இன்ஜின் சத்தத்தில் கத்தினால்தான் குரல் கேட்கும். அதனால் இருவருக்கும் ஒரு ஏற்பாடு. அவன் ஸ்பேனரால் மட்கார்டில் தட்டுவான். ஒரு தட்டு என்றால் மிதி. இரண்டு தட்டு என்றால் விடு. வேறு யாருக்கும் இது தெரியாது.

போன மார்கழியில், அந்தச் சிவப்பு வண்டிக்கு ரேஸ் கொடுக்க அவள் ஏறி உட்கார்ந்தாள். வாசலில் இரண்டு லாரிக்காரர்கள் டீ குடித்துக்கொண்டு நின்றார்கள். குமிழி வந்தால் என்ன செய்வீர்கள் என்று அவள் கேட்டாள். சும்மா, தெரிந்துகொள்ளத்தான். சகாதேவன் அவர்களைப் பார்த்துச் சிரித்தான்.

"இவளுக்கு மூளை எதுக்குய்யா? கால் ஒண்ணு இருந்தா போதும் எனக்கு."

லாரிக்காரர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

அப்புறம் ஒரு தட்டு. மிதித்தாள். வெகுநேரம் மிதித்தாள். இரண்டு தட்டு வந்தது. நன்றாகக் கேட்டது. விடவில்லை. காத்திருக்கட்டும் என்று நினைத்தாள். ஒன்று... இரண்டு... மூன்று...

கொதிநீர் தகரக் கூரை வரைக்கும் எழும்பியது. அவன் முகம் ரேடியேட்டர் வாய்க்கு நேரே இருந்தது.

ஆஸ்பத்திரியில் பதினோரு நாள். முகம் முழுக்கத் தீப்புண் மருந்து. அவளால் பக்கத்தில் உட்கார முடிந்தது, குமிழி வந்ததா என்று கேட்க முடியவில்லை. அவனும் ஒன்றும் சொல்லவில்லை. உதடு இல்லை.

கேஸ்கட் போயிருந்தால், அவள் விட்டிருந்தாலும் அது சீறித்தான் இருக்கும். போகவில்லையென்றால் அவளுடைய கால்தான். இரண்டில் எது? பத்து மாதத் தூக்கம் இந்தக் கேள்வியில்தான் போயிற்று. வண்டியைத் தொடவும் பயம், தெரியாமல் இருக்கவும் முடியவில்லை. நாளைக்கு நாளைக்கு என்றே தள்ளிப்போட்டாள். அந்த வெள்ளைக்காரர் ஆள் அனுப்பிவிட்டார். விடிகாலை ஐந்து மணிக்கு லாரி வரும், வண்டியை மெட்ராசுக்கு ஏற்றிப் போய்விடும். இனி நாளைக்கு இல்லை.

கீழ்பென்னாத்தூரில் டாக்ஸி ஓட்டுகிற அவள் தம்பி தசரதனை வரச் சொன்னாள். அவனும் கை தேர்ந்தவன்தான். டாக்ஸி பேட்டரியைக் கழற்றி இதில் மாட்டினான். எண்ணெய் ஊற்றுகிற மூடியைத் திருகி, அடியில் படிந்திருந்த வெளுப்பை விரலில் எடுத்து விளக்கில் பார்த்தான். பால் காபி நிறம்.

"எண்ணெயில தண்ணி கலந்திருக்குதாடா? கேஸ்கட் போச்சா?"

"கலந்தாலும் இப்படித்தான் இருக்கும். மாசக்கணக்கா சும்மா நின்னாலும் இப்படித்தான் படியும். இத்த வெச்சுச் சொல்ல முடியாதுக்கா. தலைய கழட்டிடலாம்னா நட்டெல்லாம் துருப்பிடிச்சுக் கெடக்குது, ரெண்டு நாள் ஆவும். குமிழிதான் பாக்கணும்." அவன் அவளை ஒருமுறை பார்த்தான். "போற வண்டி போவட்டுமே. ஒனக்கு எதுக்குக்கா இது?"

"தெரியணும்" என்றாள்.

ரேடியேட்டரை வாய்வரை நிரப்பினான். பெட்ரோமாக்ஸை இடது பக்கம் தரையில் வைத்துவிட்டு, அந்தப் பக்கமே டார்ச்சோடு குனிந்தான். அவள் ஏறி உட்கார்ந்தாள். சீட்டு ஈரமாக இருந்தது... மழைக்காலம். சாவியைத் திருப்பினாள். இருமியது, இருமியது, பிடித்துக்கொண்டது. கொட்டகை முழுக்க வெள்ளைப் புகை.

"ரேஸ் குடுக்கா!" என்று கத்தினான் தசரதன்.

கொடுத்தாள்.

"ரெண்டு மூணு வருது... நின்னுபோச்சு. தண்ணி ஊத்தசொல்ல அடைஞ்ச காத்தா இருக்கும். விட்டுடு. கொஞ்சம் சூடாவட்டும்."

விட்டாள். காத்திருந்தார்கள். ஐந்து நிமிஷம். சூடு காட்டும் முள் மெல்ல ஏறியது.

டங்.

ஒரு தட்டு. கால் தானாக அழுத்தியது. எட்டு வருஷப் பழக்கம்.

"எதுக்குக்கா மிதிக்கற? நான் சொல்லலியே!"

காலை எடுத்தாள். உள்ளங்கால் வியர்த்திருந்தது. "தசரதா... கையில ஸ்பேனர் வெச்சிருக்கியா?"

"இல்லியே. டார்ச்சுதான். ஏன்?"

அப்போதுதான் அந்த வாசனை. பெட்ரோல் இல்லை, புகை இல்லை. தீப்புண் மருந்து... ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் அவள் புடவையில் ஒட்டியிருந்த அதே வாசனை.

டங்.

தசரதன் நின்றது இடது பக்கம். தட்டு வந்தது வலது பக்க மட்கார்டிலிருந்து. சகாதேவன் எப்போதும் நிற்கிற பக்கம்.

இந்த நேரம் பார்த்துத் தசரதன் குரல் எழுந்தது. "அக்கா, வருது... குமிழி வருது! சீரா வருதான்னு தெரியல. நல்லா மிதி, நான் கிட்டப் போய்ப் பாக்கறேன். இப்ப தெரிஞ்சிடும்."

டங்... டங்... டங்...

இரண்டாகச் சேர்த்து இல்லை. ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு. ஒவ்வொன்றும் மிதி. மிதி. மிதி.

வலது பக்கச் சுவரில் பெட்ரோமாக்ஸ் நிழல் விழுந்திருந்தது. தசரதனின் குனிந்த முதுகு. அதை ஒட்டி, அதைவிடத் தாழ்வாக, இன்னொரு முதுகு.

அவர் எனக்குக் காட்டத்தான் வந்திருக்கிறாரா? உன் தப்பில்லைடி, பார், என்று? அல்லது...

மிதித்தால் தெரிந்துவிடும். மூன்று எண்ணும் நேரம் போதும். பத்து மாதமாக அவள் கேட்டதும் இதைத்தான். அப்படித் தெரியும்போது தசரதனின் முகம் ரேடியேட்டர் வாய்க்கு நேரே இருக்கும்.

சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தாள்.

"தசரதா, தள்ளிப்போ. வெளிய போயிடு."

"அய்யோ, இன்னும் ஒரு நிமிசம்க்கா..."

"போடா."

அந்தக் குரலை அவன் கேட்டதே இல்லை. முணுமுணுத்துக்கொண்டே ரோட்டுக்குப் போனான். கொஞ்ச நேரத்தில் பீடி வாசனை வந்தது.

கொட்டகையில் சத்தம் அடங்கியது. ரேடியேட்டருக்குள் மட்டும் தண்ணீர் களக், களக் என்றது. அதுவும் நின்றது. அவள் இறங்கவில்லை. கால்கள் இரண்டையும் மடக்கிச் சீட்டின் மேல் வைத்துப் புடவையால் மூடிக்கொண்டாள்.

டங்.

கீழே ஆக்ஸிலேட்டர் அசைந்தது. யாரும் தொடவில்லை. மெதுவாக, தரை வரைக்கும் அழுந்தியது. அழுந்தியே இருந்தது... ஒன்று... இரண்டு... மூன்று... பிறகு மேலே வந்தது.

அவருக்கும் தெரியும். எண்ணியிருக்கிறார்.

டங்.

தூக்கி நின்ற பானட்டைப் பார்த்தாள். அதற்குப் பின்னால் நின்றவரிடம், வெளியே இருந்த தம்பிக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"மாட்டேங்க."