நின்ற பிறகும் சுழலும் சக்கரம்

டயர் கடை வைத்திருந்தும் டயரைவிட ரிம்மையே போற்றும் தலைவர் அவர்களே, கார் வாங்கிய நாளை மறந்தாலும் ரிம் மாற்றிய நாளை மறவாத சக்கரச் சங்கத்துச் சான்றோர்களே, வீட்டில் எது பல் துலக்கும் பிரஷ், எது ரிம் துலக்கும் பிரஷ் என்று குழம்பி நிற்கும் தாய்மார்களே, நான் என்ன பேசப்போகிறேனோ என்று முன்வரிசையில் வியர்த்துக்கொண்டிருக்கும் சங்கச் செயலாளரே, என் கணவரே, அனைவருக்கும் என் வணக்கம்.

ரிம்மின் வரலாறும் வசீகரமும் என்பது தலைப்பு. அழைத்திருந்த பேச்சாளர் வரவில்லை. செயலாளர் சமையலறைக்கு ஓடிவந்து, "நீதான் காலேஜ் படிச்சவளாச்சே, கொஞ்சம் பேசிடேன்" என்றார். பேசுகிறேன்.

மனிதன் மரத்தை வட்டமாக அறுத்தான். வண்டி உருண்டது. அதோடு விட்டானா? கனம் குறைய ஆரக்கால் வைத்தான். தேயாமலிருக்க இரும்புப் பட்டை கட்டினான். கார் வந்தது, கம்பிச் சக்கரம் வந்தது, தகட்டை அழுத்திச் செய்த இரும்புச் சக்கரம் வந்தது. அதன் முகம் முரடாக இருக்கிறதே என்று பளபளக்கும் மூடி வந்தது. வேகத்தடையில் அந்த மூடி கழன்று, சாக்கடையைத் தேடி உருண்டு போனது. அதன் பின் வந்தது அலாய், அலுமினியக் கலவையில் வார்த்த சக்கரம். இலகுவானது, இறுகியது, இருட்டிலும் மின்னுவது. அலாய் வந்தது, இந்தச் சங்கம் வந்தது, எங்கள் வீட்டுக்கு வரவேண்டிய வாஷிங் மெஷின் மட்டும் இன்னும் வரவில்லை. பின்வரிசையில் தனியாகக் கைதட்டும் அம்மா, உங்கள் வீட்டிலும் அப்படித்தானா?

இதில் என்னதான் வசீகரம் என்று நான் பலநாள் யோசித்ததுண்டு. நகை போட்டால் கண்ணாடியில் பார்த்துக்கொள்ளலாம். ஓட்டுகிறவருக்குத் தன் ரிம் தெரியுமா? தெரியாது. வழியில் போகும் யாரோ ஒருவர் "அட" என்று திரும்பிப் பார்ப்பதற்காக ஒரு மனிதர் ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் குந்தி உட்கார்ந்து துடைக்கிறார். முழுக்க முழுக்கப் பிறர் கண்ணுக்கான அழகு. கேலி செய்யக் கிளம்பிய எனக்கு அந்த இடத்தில் வாய் வரவில்லை.

ஆனால் எங்கள் காரில் இருப்பது சாதாரண அலாய் அல்ல, சுழலும் ரிம். சக்கரத்தின் முகத்தில் தனித்தட்டு ஒன்று இருக்கும். வண்டி நின்றாலும் அது நிற்காது. வண்டி அடங்கினாலும் அது அடங்காது. அந்தக் காரில்தான் என் தங்கை லைசென்ஸ் டெஸ்டுக்குப் போனாள். வெள்ளைக் கோட்டில் நிறுத்த வேண்டும், நிறுத்தினாள். வெளியே நின்ற அதிகாரி சக்கரத்தைப் பார்த்தார்.

"வண்டி நிக்கலையேம்மா."

"நின்னுடுச்சு சார். வேணும்னா இறங்கிக் காட்டட்டுமா?"

"ஓடுற வண்டியிலேர்ந்து இறங்கினா அதுக்கும் சேத்து ஃபெயில்."

அடுத்த முறை அவள் புத்திசாலியானாள். தட்டு அடங்கும்வரை கோட்டிலேயே காத்திருந்தாள். பின்னால் நின்ற வரிசையே ஹாரன் அடித்தது. போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று மறுபடியும் ஃபெயில். சிரியுங்கள், நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

ஏனென்றால் நாளைக் காலையில் மீண்டும் டெஸ்ட். தேறினால் பேக்கரி வேன் ஓட்டும் வேலை அவளுக்கு. தேறாவிட்டால் சாவி வேறொருவர் கைக்குப் போய்விடும். முதலாளி தெளிவாகச் சொல்லிவிட்டார். உங்கள் வண்டிகளில் ஒன்றைக் கேட்கலாம்தான். ரிம்மில் கல் பட்டுவிடும் என்று மனைவிக்கே சாவி தராதவர்கள் நீங்கள்.

நேற்று வீட்டில் செயலாளரிடம் கேட்டேன். "ஷெட்ல பழைய இரும்புச் சக்கரம் கிடக்குதே. ஒரு நாள் காலைக்கு மட்டும் அதை மாட்டுங்களேன்."

"சங்கத்து விதி தெரியுமில்ல? வெறும் இரும்புல போறதை எவனாவது பாத்துட்டா என் பதவி காலி."

"அவ வேலை போனா?"

"அடுத்த மாசம் மறுபடி டெஸ்டுக்கு எழுதிப் போடட்டும்."

பெருமக்களே, முகம் தெரியாதவர் கண் குளிர முதுகு வலிக்கத் துடைப்பவர்கள் நீங்கள். வீட்டுப் பெண்ணின் கண் கலங்கினால் மட்டும் முதுகைக் காட்டலாமா? பட்டத்தையும் பதவியையும் பறிக்கச் சொல்லி நான் வரவில்லை. யாராவது பார்த்தால்தானே பதவி போகும்? பார்க்காதீர்கள். நாளைக் காலை எங்கள் கார் வரும்போது வானத்தைப் பாருங்கள், வாழைமரத்தைப் பாருங்கள், வாசல் பூட்டைப் பாருங்கள். சக்கரத்தை மட்டும் பார்க்காதீர்கள்.

என்ன, செயலாளர் எழுந்துவிட்டார். மைக் வேண்டாம், சும்மா சொல்லுங்கள். "எல்லாரும் முகத்தைத் திருப்பிக்குவாங்களா?" என்று கேட்கிறார். தலைவரே, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

"எனக்குக் காலையில கண்ணே சரியாத் தெரியாதும்மா" என்கிறார் தலைவர். அரங்கமே கைதட்டுகிறது, அது செயலாளர் காதிலும் கொஞ்சம் விழுந்திருக்கும். அதோ, சக்கரம் மாற்ற ஜாக்கி எங்கே என்று கேட்டுக்கொண்டே வெளியே போகிறார்.

அப்படியே பார்க்கத்தான் வேண்டுமென்றால், கார்க் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் என் தங்கையின் முகத்தைப் பாருங்கள். முடிந்தால் ஒரு கை அசையுங்கள். பொறுமையாகக் கேட்டவர்களுக்கும், இனிப் பொறுமையாகக் கண்ணை மூடிக்கொள்ளப் போகிறவர்களுக்கும் என் நன்றி, வணக்கம்.