முட்டை உருட்டிய நாளையும் எண்ணியவருக்கு

முப்பத்து நான்கு ஆண்டுகள் நுண்ணோக்கியின் மேல் கவிழ்ந்திருந்த கண்களுக்கு உரியவரே, எங்கள் ஆய்வகத்தின் பொறுமையே, எட்டெல்வினா கார்வாஸ் அம்மையாரே, வணக்கம்.

தாங்கள் ஓய்வு பெறும் இந்நாளில் தங்கள் பணிகளைப் பட்டியலிட்டால் தாங்களே கொட்டாவி விடுவீர்கள். ஆகவே லிமாவின் மூடுபனி விலகாத ஓர் ஆகஸ்ட் காலையை மட்டும் சொல்கிறோம். குழந்தைகள் பிரிவுத் தலைவர் டாக்டர் ரோமுலோ அரியேட்டா தாமே அதைச் சொல்லச் சொன்னார்.

ஆறு வயது யாதிரா கழுத்து விறைத்து, நினைவு மங்கிக் கிடந்தாள். எத்தனை நாளாக என்று அவர் கேட்டார். "மூணு நாள்" என்றாள் தாய் நியேவெஸ். முதுகுத்தண்டு நீர் லேசாகக் கலங்கியிருந்தது. சர்க்கரை குறைவு, சீழணுக்கள் மிகுதி. சாதாரண மூளைக்காய்ச்சல் ஓரிரு நாளில் பாய்ந்து வரும். காசநோயால் வருவது வாரக்கணக்கில் பதுங்கி வரும். நீர் இரண்டு பக்கமும் பேசியது. மூன்று நாள் என்ற சொல்தான் அவரைச் சாய்த்தது. சாதாரணக் கிருமிக்கான மருந்தை மட்டும் எழுதினார்.

அப்போதுதான் தாங்கள் மாடியேறி வந்தீர்கள்.

"டாக்டர், ட்யூப்பை அசைக்காம நிக்க வெச்சேன். சிலந்தி வலை மாதிரி ஒரு படலம் கட்டியிருக்கு."

"மூணு நாள் காய்ச்சல்ல காசநோய் எங்கேம்மா வந்துச்சு?"

தாயின் பக்கம் திரும்பினீர்கள்.

"ஏம்மா, பிள்ளைக்கு முட்டை உருட்டினது என்னிக்கு?"

நியேவெஸ் டாக்டரைப் பார்த்துவிட்டுத் தலை குனிந்தாள். "அது ரெண்டு வாரம் முன்னாடி. நாய் துரத்தி பயந்துட்டா. சாப்பாடு இறங்கல, தலைவலின்னு சுருண்டே கிடந்தா. பயம் இறங்கட்டும்னு மூணு தடவ முட்டைய உடம்பெல்லாம் உருட்டி, தண்ணியில உடைச்சுப் பாத்தேன். அது பயந்தானே, டாக்டருக்கு எதுக்குன்னு..."

அவருக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு காது சுட்டது. அவள் பொய் சொல்லவில்லை. பயத்தின் நாட்களை நோயின் நாட்களாக அவள் வீட்டில் யாரும் எண்ணுவதில்லை. அதோடு, முட்டை உருட்டியதற்காக வேறொரு தாயை அவர் இதே வராந்தாவில் வைத்துத் திட்டியிருக்கிறார். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள்.

"வெள்ளைக் கோட்டக் கழட்டிட்டுக் கேளுங்க டாக்டர், இன்னும் நாலு நாள் சேத்துச் சொல்வாங்க" என்றீர்கள்.

அவர் சிரிக்கவில்லை. எழுதிய மருந்தை நிறுத்தாமல், சான்றுக்குக் காத்திராமல், காசநோய் மருந்துகளையும் அப்போதே தொடங்கினார். தாங்கள் கண்ணாடித் தகட்டை விட்டு எழவில்லை. மாலை நான்கு மணிக்கு இரண்டே இரண்டு சிவப்புக் குச்சிகளைக் கண்டீர்கள்; காசநோய்க் கிருமிகளேதான்.

யாதிரா பிழைத்தாள். ஒரு கண் மட்டும் இன்னும் சற்று உள்நோக்கித் திரும்பியிருக்கிறது.

மூன்றாம் மாதம் நியேவெஸ் யாரும் அழைக்காமலே வந்தாள். "டாக்டர், ரெண்டு நாள் மாத்திரைய வாந்தியெடுத்துட்டா. நான் திரும்பக் குடுக்கல. திட்டினாலும் பரவால்ல, சொல்லிடணும்னு வந்தேன்."

அவர் திட்டவில்லை. அவள் உட்கார நாற்காலியை இழுத்துப் போட்டார். பிள்ளை பிழைத்த அன்றுகூடத் தம் நெஞ்சு அப்படி நெகிழவில்லை என்கிறார்.

அம்மையாரே, கண்ணும் கழுத்தும் நோகாமல், பிடித்ததைச் சூடாகச் சாப்பிட்டு, நெடுநாள் நலமாக இருங்கள். எதையும் மறைக்காமல் சொல்லலாம் என்று தாய்மார்கள் இப்போது எங்களிடம் வருகிறார்கள். அந்த நம்பிக்கை கெடாமல் பார்த்துக்கொள்வது இனி எங்கள் பாடு.

மாறாத அன்புடன்,
குழந்தைகள் பிரிவினரும் ஆய்வகத்தினரும்