இடப்பக்கம் வெறும் ரோடு

— மெஷினு கெட்டுப்போச்சு டாக்டரம்மா. பாதி நேரம் லைட்டே போடல. நான் எதைப் பாத்து பட்டனை அமுக்கறது?

— மெஷின் நல்லாத்தான் இருக்குங்க மாரப்பய்யா. உங்களுக்கு முன்னாடி உக்காந்த ஆயா டக்கு டக்குனு அமுக்கிட்டுப் போனாங்க.

— அந்தக் கெழவி தூக்கத்துல அமுக்கியிருப்பா. அத வுடுங்க. நான் மூணாங்கிளாசு. இருந்தும் செவுத்து நம்பரை கடைசி வரி வரைக்கும் ஒப்பிச்சனா இல்லியா?

— ஒப்பிச்சீங்க. ஒண்ணு கூடத் தப்பில்ல.

— அப்பறம் என்னா? கண்ணு நல்லாத் தெரியுதுன்னு சீட்டு எழுதுங்க. திங்கக்கெழமை கோர்ட்டுல குடுக்கணும்.

— என்ன கேசுங்கய்யா?

— என் பொண்டாட்டியக் கொன்ன கேசு. பச்சியப்பன்னு ஒரு லாரிக்காரன். ரெண்டு வருசமாச்சு. அதியமான்கோட்டை தாண்டி பெரிய ரோட்ட கடக்கறோம், நட்டநடு மத்தியானம். மொபெட்டு ஓட்டுனது நான், பின்னாடி செல்லி. வண்டியில ஏறுனா அவ வாயி ஓயாது, வழி நெடுக எனக்கு ரோடு சொல்லிக் குடுப்பா. அன்னிக்கி அவ வாயத் தொறக்கறதுக்குள்ள அடிச்சிட்டான். எனக்குக் காலு மட்டும் முறிஞ்சுது. இப்ப அவன் வக்கீலு கூண்டுல வெச்சிக் கேக்கறான், ‘பெரியவரே, உமக்குக் கண்ணு தெரியுமா?’ன்னு. அதுக்கோசரம் ஜட்ஜு சீட்டு கேக்கறாரு.

— அந்த டிரைவர் உங்ககிட்ட வந்து பேசலீங்களா?

— வந்தான். ரெண்டு தடவ வூட்டுக்கு வந்து கால்ல வுழுந்தான். மொத தடவ வெளக்கமாத்தால போட்டேன். ரெண்டாந்தடவ நாயை அவுத்து வுட்டேன். செல்லியோட ஒத்தச் செருப்பு ரோட்டுல கெடந்துச்சு. அத நடுவூட்டு ஆணியில மாட்டி வெச்சிருக்கேன். அவன் உள்ள போற அன்னிக்குத்தான் எறக்குவேன். அவன் பொண்டாட்டி சோத்துத் தூக்கோட ஜெயிலு வாசல்ல நிக்கணும். நான் எதுத்தாப்புல டீ குடிச்சிக்கிட்டே பாக்கணும். அதுக்குத்தான் உசுர வெச்சிருக்கேன். எழுதுங்க.

— எழுதறதுக்கு முன்னாடி மெஷின் குடுத்த இந்தப் பேப்பரைப் பாருங்க. இது உங்க இடது கண்ணு.

— கரி அப்புன மாதிரி இருக்குது.

— அந்தக் கருப்பு பூராவும் உங்களுக்குப் பார்வை இல்லாத எடம். நடுவுல கோழிமுட்டை அளவு மிச்சம் இருக்கு. அதை வெச்சித்தான் நம்பர் படிச்சீங்க. வலது கண்ணுலயும் மூக்குப் பக்கம், அதாவது இடப்பக்கம், போயிருக்கு. இதுக்குப் பேரு க்ளாக்கோமா. கண்ணு பிரஷர்.

— பிரஷரா? போன வாரம் நர்சம்மா கையில பட்டை கட்டிப் பாத்து, எளவட்டமாட்டம் இருக்குதுன்னுச்சே!

— அது ரத்தத்துப் பிரஷருங்க. இது கண்ணுக்குள்ள. உள்ள தண்ணி ஊறிக்கிட்டே இருக்கும், ஓரத்துல வடிஞ்சிக்கிட்டே இருக்கும். வடியற எடம் அடைச்சிக்கிட்டா...

— ஏரி மதகு தூந்து போன கணக்கா.

— அதேதான். தண்ணி ஏறி, பின்னாடி இருக்கற நரம்பை நெருக்கிக் கொன்னுடும்.

— பொய்யி. எனக்கு ஒரு நாளு வலிச்சதில்ல. எங்கக்கா ராணியம்மாளுக்கு வந்துச்சு பாருங்க, அது நோவு! கண்ணு ரத்தமாச் செவந்து, தலை வெடிச்சு, வாந்தி. பல்பைச் சுத்தி வானவில்லு தெரியுதுன்னா. பித்தம்னு கசாயம் குடுத்தோம். மூணே நாளு, கண்ணு போயிடுச்சு.

— அதுவும் க்ளாக்கோமாதாங்க, வேற வகை. தண்ணி வடியற மூலை திடீர்னு மூடிக்கிறது. அன்னைக்கே வந்திருந்தா பிரஷரை எறக்கி, லேசர்ல சின்ன ஓட்டை போட்டிருப்போம். உங்களுக்கு மூலை தொறந்துதான் இருக்கு. அங்க இருக்கற சல்லடை அடைச்சிருக்கு. இது வலிக்காது, செவக்காது. ஓரத்துலருந்து தின்னுக்கிட்டே வரும். கடையில சொட்டு மருந்து வாங்கி நாள் கணக்காப் போட்டீங்களா? ஸ்டீராய்டு கலந்த சொட்டாலயும் இது வரும்.

— வெளக்கெண்ணெ தவிர ஒண்ணும் வுட்டதில்ல.

— உங்க அப்பாவுக்குக் கண்ணு எப்படி?

— கடைசியில செவுத்தத் தடவிக்கிட்டுத்தான் கெடந்தாரு. வயசுன்னு வுட்டோம்.

— வயசு இல்லீங்க. இது குடும்பத்துல வரும். புள்ளைங்க இருந்தா அவங்களையும் கூட்டிட்டு வாங்க. உங்களுக்குப் போன பார்வை திரும்பாது, மிச்சத்தைக் காப்பாத்தலாம். தெனம் சாயங்காலம் சொட்டு, ஆயுசு பூரா. அதுல எறங்கலைன்னா லேசர். அதுக்கும் மசியலைன்னா ஆபரேசன் பண்ணி புது மதகு வெப்போம்.

— எத்தினி நாளா இருக்குது இந்தக் கருப்பு?

— அஞ்சாறு வருசமாவது ஆகியிருக்கும்.

— என்னா சொல்ல வரீங்க? பச்சியப்பன் உங்களையும் வளைச்சிப் போட்டானா?

— அவரை நான் பாத்ததே இல்லீங்க. லாரி எந்தப் பக்கத்துலருந்து வந்துச்சு?

— இடப்பக்கம். ரோட்டு நடுத்திட்டுல நின்னு பாத்தேன். வெறும் ரோடு, வெயில்ல தாரு மினுக்குது. கண்ணு தெரியலைன்னா கருப்பாத்தான தெரியணும்? ஒரு கருப்பும் இல்ல. ஆக்சிலேட்டரை முறுக்குனேன், பூமியப் பொளந்துக்கிட்டு மொளைச்ச மாதிரி வந்து இடிச்சான். கோர்ட்டுல அந்த நாயி கூசாம சொல்றான், ‘அவரு என் லாரியைப் பாத்துட்டுத்தான் வந்து வுழுந்தாரு’ன்னு.

— கருப்பாத் தெரியாதுங்கய்யா. பார்வை போன எடத்தை, பக்கத்துல இருக்கறதை வெச்சி மூளையே ரொப்பிக்கும். என் மூக்கை நேரா பாருங்க. தலை அசையக் கூடாது. இடப்பக்கம் என்ன தெரியுது?

— செவுரு. பச்சைப் பெயிண்ட்டு.

— என் கையில எத்தனை வெரல்?

— கையை நீட்டுங்க மொதல்ல. அப்பறம் எண்றேன்.

— நீட்டிக்கிட்டுத்தான் இருக்கேன். இப்பத் தலையைத் திருப்புங்க.

— மூணு வெரலு.

— தண்ணி குடிக்கிறீங்களா?

— வேணாம். அந்தப் பேப்பரைக் கிழிச்சிப் போடுங்க. நம்பரு படிச்சான்னு மட்டும் எழுதுங்க. அது பொய்யி இல்லியே? எழுதுங்க டாக்டரம்மா. செருப்பு ஆணியில தொங்குது.

— எழுதுனா ரெண்டையும்தான் எழுதணும். அவரு வேகமா வந்தாரா, மெதுவா வந்தாரா, அது எனக்குத் தெரியாது. ஆனா உங்களுக்குத் தெரியாத பக்கமா வந்திருக்காரு. மனசைப் போட்டு வதைக்காதீங்க. பின்னாடி இருந்த அம்மாவும் பாக்கலையே. பாத்திருந்தா சொல்லியிருப்பாங்க இல்ல?

— சொன்னா. ‘இந்தாய்யா, லாரி, நில்லு நில்லு’ன்னு சட்டையப் புடிச்சி இழுத்துக் கத்துனா. கடைக்கண்ணால இடப்பக்கம் பாத்தேன், வெறும் ரோடு. ‘கம்முனு உக்காருடி குருடி’ன்னுட்டு முறுக்குனேன்.