முழுகாமல் இருந்தவள்

சாம்பாரில் தேங்காய் அரைத்து ஊற்றினால் என் மருமகள் வனிதாவுக்குப் பிடிக்காது. ஆலங்குடியில் தென்னந்தோப்பு வைத்திருக்கிற வீட்டில் வாக்கப்பட்டவளுக்கு இருந்த வாய்க்கொழுப்பைப் பாருங்கள், இன்ஸ்பெக்டர் அம்மா.

ஏழு வருஷமாக வயிற்றில் ஒரு புழு பூச்சி இல்லை. மாதாமாதம் "தலைக்கு ஊத்திக்கிட்டியா?" என்று கேட்பேன். தலையைக் குனிந்துகொள்வாள். என் மகள் காவ்யாவின் வளைகாப்பில் அவளும் ஒரு வளையலை எடுத்தாள். "தள்ளி நில்லு, ஒன் கை பட வேணாம்" என்று சபையிலேயே பிடுங்கினேன். அதன்பிறகு எந்த விசேஷத்துக்கும் போகமாட்டாள். பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதால் காதைப் பொத்திக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்துவிடுவாள். நாள்கணக்கில் தலை சீவமாட்டாள். நடிப்பு என்றுதான் நினைத்தேன்.

குறை அவளிடம் இல்லை என்று எனக்குத் தெரியும். என் மகன் சரவணக்குமாருக்குப் பதினைந்து வயதில் பொன்னுக்கு வீங்கி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகாமல் என் தங்கச் சங்கிலியைக் கழுத்தில் போட்டுவிட்டேன். கன்னத்தில் இருந்த வீக்கம் விரைக்கு இறங்கிவிட்டது. இவனுக்குப் பிள்ளை பிறக்காது என்று டாக்டர் பிறகு சொன்னதை அவனிடம்கூட நான் சொல்லவில்லை. பெற்ற பிள்ளையைப் பார்த்து ஊர் சிரிக்க விடுவேனா? வந்தவள்தானே, தாங்கிக்கொள்ளட்டும்.

போன மாசியில் சிரித்துக்கொண்டே வந்து நின்றாள். "அத்தே, நான் முழுகாம இருக்கேன்." வாந்தி எடுத்தாள். வயிறும் மேடிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால், "வேணாத்தே, அங்கிட்டுப் போனா இல்லைன்னு சொல்லிருவாங்க" என்று வயிற்றைப் பொத்திக்கொண்டாள். சரவணன் தெருவெல்லாம் மிட்டாய் கொடுத்தான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எவன் பிள்ளையோ என் தோப்பை ஆளப்போகிறது. வாயைத் திறந்தால் மகனின் குட்டு வெளிப்பட்டுவிடும். நான் வேறு என்ன செய்ய?

தோப்புக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய், "கெணத்துல தண்ணி எம்புட்டுக் கெடக்குன்னு எட்டிப் பாரு ஆத்தா" என்றேன். அவளை ஆத்தா என்று நான் கூப்பிட்டதே அன்றுதான். சந்தோஷமாகக் குனிந்தாள். முதுகில் கை வைத்துத் தள்ளினேன். முழுகாமல் இருந்தவள் முழுகிப் போனாள். அப்புறம்தான் சத்தம் போட்டு ஆட்களைக் கூப்பிட்டேன்.

அறுத்துப் பார்த்த டாக்டர், உள்ளே கருவே இல்லை, ஏக்கத்தில் மேடிட்ட வயிறு என்கிறாராம். பார்த்தீர்களா, கடைசிவரை என்னை ஏமாற்றியிருக்கிறாள். ஊரில் என்னை இரண்டு உயிரைக் கொன்றவள் என்கிறார்கள். அந்தப் பழி எனக்கு வேண்டாம் அம்மா. ஒன்றுதான் என்று எழுதிக்கொள்ளுங்கள்.