இடது தோளுக்கு ஒரு துப்பாக்கி

குறி ஒன்றையே கொள்கையாகக் கொண்ட இந்தச் சுடுதல் மன்றத்தைத் தோளில் தாங்கும் தலைவர் அவர்களே. முதுகு வளைந்தாலும் பார்வை வளையாத பெரியோர்களே. இடுப்பில் பிள்ளையும் முகத்தில் பெருமையுமாக வந்திருக்கும் தாய்மார்களே. சுடுதளத்தை விட்டு வந்து ஒரு மணி நேரமாகியும் காதடைப்பானைக் கழற்றாமல் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் முன்யோசனைக்காரர்களே. உங்கள் அனைவருக்கும் இந்தத் தையற்காரனின் வணக்கம்.

கழற்றிவிட்டீர்களா? நன்றி. இனி தொடங்கலாம்.

நான் இதுவரை ஒரு தோட்டாவும் சுட்டதில்லை. ஆனால் இங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் சுடும்போது அணியும் கித்தான் சட்டை நான் தைத்தது. யாருடைய ஒரு தோள் மற்றதைவிட அரை அங்குலம் தாழ்ந்தது, யாருடைய இடுப்பு போன வருடத்து அளவோடு பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டது, எல்லாம் எனக்குத் தெரியும். பயப்பட வேண்டாம். அது தொழில் ரகசியம்.

துல்லியமான துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று பேசச் சொன்னார்கள். சுடத் தெரியாதவனிடம் ஏன் சொன்னார்கள்? அப்படி ஒரு துப்பாக்கி தேர்ந்தெடுக்கப்பட்ட நாளில் நான் பக்கத்திலேயே நின்றேன், அதனால்தான். அளவு நாடாவோடு நின்றேன்.

என் அண்ணியை உங்களுக்குத் தெரியும். மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர். "மூச்சைப் பிடிங்க, அசையாதீங்க" என்று நாளொன்றுக்கு அறுபது பேரிடம் சொல்பவர். என் அண்ணனையும் தெரியும். அச்சகத்தில் பிழை திருத்துபவர். ஊரார் எழுத்தில் ஒரு புள்ளி விடுபட்டாலும் கண்டுபிடிப்பார். தன் பிழையைக் கண்டுபிடிக்கும் பொறுப்பை மட்டும் அண்ணியிடம் ஒப்படைத்திருக்கிறார்.

போன ஆண்டு நம் அணியில் ஐந்தாவது இடம் காலியாயிற்று. அந்த ஓரிடத்துக்கு மோதியவர்கள் இரண்டு பேர். ஒருவர் அண்ணன். இன்னொருவர் அண்ணி. சிரிக்காதீர்கள், அந்த ஒரு மாதம் அந்த வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவன் நான்.

மன்றத்துத் துப்பாக்கியை நம்பிப் பயனில்லை, சொந்தமாக ஒன்று வாங்குவோம் என்று முடிவாயிற்று. ஆனால் அவர்களுக்குக் கிடைத்த உரிமம் ஒரே ஒரு துப்பாக்கிக்கு. அங்கேதான் சிக்கல். அண்ணனுக்கு வலது கை. அண்ணிக்கு இடது கை.

விருந்தினர்களுக்காகச் சொல்கிறேன். நாம் பாயில் குப்புறப் படுத்துச் சுடுவது பாயிண்ட் டூ டூ. சுண்டுவிரலில் பாதி நீளத் தோட்டா. அதன் அடிவிளிம்பில் ஊசி தட்டினால் வெடிக்கும். ஒவ்வொரு முறையும் போல்ட் என்ற கைப்பிடியை இழுத்து, காலித் தோட்டாவை வெளியே தள்ளி, அடுத்ததைப் போட வேண்டும். அந்த போல்ட் வலது பக்கம் இருக்கும். இடது தோளில் வைத்துச் சுடும் அண்ணி, ஒவ்வொரு குண்டுக்கும் துப்பாக்கியின் மேலே கையை வளைத்துப் போட்டு அதை இழுப்பார். முதுகு அசையும், முழங்கை நகரும், கன்னம் விலகும். பிறகு மறுபடி முதலிலிருந்து படுக்க வேண்டும். இரண்டு வருடம் இப்படிச் சுட்டார். நாமெல்லாம் என்ன சொன்னோம்? "நல்லாத்தான் சுடுறாங்க, ஆனா நிலைக்கல" என்றோம். நிலைக்காதது அவரா, நாம் கொடுத்த துப்பாக்கியா? கேட்டோமா? நான் கேட்டேனா? அவருக்குச் சட்டை தைத்த நானே கேட்கவில்லை.

அண்ணன் விலைப்பட்டியல்களைக் கரைத்துக் குடித்தார். குழல் எத்தனை அங்குலம், விசை எத்தனை கிராம், கட்டை எந்த மரம் என்று ஒப்பித்தார். திரைச்சீலைக் கம்பியைக் கழற்றித் தோளில் வைத்துப் பார்த்தார். அண்ணியோ ஒரு ஞாயிறு காலை எனக்குப் போன் செய்தார். "தம்பி, கடைக்குப் போறோம். டேப்பை எடுத்துட்டு வந்துடுங்க."

சுடுதளத்தை ஒட்டிய கடை. கடைக்காரரை நீங்கள் "மில்லிமீட்டர்" என்றுதான் அழைப்பீர்கள். அவருக்கும் அது தெரியும். அண்ணன் உள்ளே நுழைந்தவுடன் ஒன்றைக் கையில் எடுத்தார். தேன் நிறக் கட்டை, பளபளக்கும் குழல். "இதுதான். வேற எதையும் எடுக்காதீங்க" என்றார்.

மில்லிமீட்டர் மூக்குக் கண்ணாடியை இறக்கினார். "எந்த டப்பா சுடுவீங்க?"

"எந்த டப்பான்னா? தோட்டாதானே."

"சார், துப்பாக்கிக்கும் நாக்கு இருக்கு. அதுக்கு எது பிடிக்கும்னு அதுகிட்டயே கேட்டுடலாம் வாங்க."

தளத்துக்குப் போனோம். ஐம்பது மீட்டரில் காகிதம். துப்பாக்கியை மணல்மூட்டையில் கிடத்தி, அண்ணன் ஐந்து குண்டு சுட்டார். ஓட்டைகள் ஒன்றோடொன்று கோபித்துக்கொண்டவை போல ஆளுக்கொரு மூலையில் நின்றன. டப்பாவை மாற்றினார்கள். கொஞ்சம் நெருங்கின. மறுபடி மாற்றினார்கள். இப்போது ஐந்து ஓட்டையும் ஒட்டி உட்கார்ந்தன. என் பையிலிருந்து ஒரு கோட்டுப் பொத்தானை எடுத்து மேலே வைத்தேன், முழுக்க மறைந்தது. அதே கை, அதே துப்பாக்கி, அதே காற்று. மாறியது டப்பா மட்டும். பின்வரிசையில் யாரோ "எந்த டப்பா" என்கிறார். ஐயா, அது அந்தத் துப்பாக்கிக்குப் பிடித்த டப்பா. உங்கள் துப்பாக்கியிடம் நீங்கள்தான் கேட்க வேண்டும்.

அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "சொன்னேன்ல" என்றார்.

அப்போது அண்ணி மெல்லக் கேட்டார். "இடது கைக்கு ஏதாவது இருக்கா?"

மில்லிமீட்டர் உள்ளறையிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்தார். யாரோ பயன்படுத்தி விற்றது. கட்டையில் கீறல், சாம்பல் பூச்சு. மணல்மூட்டையில் வைத்து மூன்று டப்பாவும் மாற்றிச் சுட்டார்கள். சிறந்தது என்று வந்ததையே என் பொத்தான் மறைக்கவில்லை. ஓரத்தில் இரண்டு ஓட்டைகள் எட்டிப் பார்த்தன.

"பாத்தியா? அதுதான் துல்லியம். இது கொஞ்சம் கம்மி" என்றார் அண்ணன்.

வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியவன் நான். ஆனால் தையற்காரனின் வாய் ஊசி மாதிரி, எங்கேயாவது போய்க் குத்திவிடும். "அண்ணா, பொம்மைக்குப் போட்டுப் பாத்துட்டு மனுஷனுக்குச் சட்டையைக் குடுக்க முடியுமா? போட்டியில மணல்மூட்டையா சுடப்போகுது?" என்றேன்.

அண்ணன் என்னை முறைத்தார். மில்லிமீட்டர் இருமினார். அண்ணி ஏற்கெனவே பாயில் படுத்துவிட்டார்.

முதலில் அந்தத் தேன் நிறத் துப்பாக்கி. இடது தோளில் வைத்து ஐந்து குண்டு சுட்டார். தேநீர்க் கோப்பையின் வாயளவுக்கு விரிந்தது. அடுத்து அந்தச் சாம்பல் நிறம். நான் அவர் கழுத்திலிருந்து முழங்கை வரை அளந்து சொன்னேன். மில்லிமீட்டர் தோளில் பதியும் அடிக்கட்டையை ஒரு விரல் நீட்டினார், கன்னக்கட்டையை உயர்த்தினார். அண்ணி கன்னத்தைச் சாய்த்தார். சுட்டார். போல்ட்டை இடது கையால் இழுத்தார். உடம்பில் ஒரு மடிப்பும் கலையவில்லை. சுட்டார், இழுத்தார், சுட்டார், இழுத்தார். காகிதத்தை இழுத்து வந்து பொத்தானை வைத்தேன். மறைந்தது.

மணல்மூட்டையால் முடியாததை அண்ணி செய்திருந்தார்.

பிறகு அண்ணன் படுத்தார், தன் தேன் நிறத்தோடு. வந்த காகிதத்தை மறைக்க என்னிடம் பொத்தான் இல்லை. கடைக்காரரின் தேநீர்த் தட்டுதான் சரியாக இருந்தது.

படுத்துச் சுட்ட மூன்று காகிதங்களையும் அண்ணன் மேசையில் பரப்பினார். அவர் விட்டுக்கொடுக்கப் போவது துப்பாக்கியை மட்டுமல்ல, ஐந்தாவது இடத்தையும்தான் என்பது அங்கே நின்ற நால்வருக்கும் தெரியும். சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்தார். தன் காகிதத்தில் ஒரு வட்டம் போட்டு, நீக்குக் குறி இட்டார். "இதை எடுத்துடலாம். அதை வாங்கிக்கோ" என்றார்.

"ஏங்க, உங்களுக்கு?"

"நான் தளத்துல காத்து காட்டுற கொடியப் பாத்துக் கத்துக்கறேன். அதுலதான் நான் வீக்."

போட்டி நாளை நீங்களெல்லாம் பார்த்தீர்கள். அறுபதாவது குண்டு, அதுதான் கடைசி. மூன்றாம் இடத்துக்கு நமக்குப் பத்துப் புள்ளி வேண்டும். காற்றுக் கொடிகள் படபடத்தன. அண்ணி துப்பாக்கியை உயர்த்தினார், இறக்கினார். உயர்த்தினார், இறக்கினார். நேரம் கரைந்தது. பார்வையாளர் வரிசையில் அண்ணன் தன் கைக்குட்டையை நான் தைக்க முடியாத அளவுக்குக் கிழித்திருந்தார். விதிப்படி வாய் திறக்கக் கூடாது. கடைசி நிமிடத்தில் அண்ணி சுட்டார். குண்டு பத்தாம் வளையத்தின் கோட்டில். நடுவர் லென்ஸை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். "தொட்டிருக்கு. பத்து" என்றார்.

திரும்பும் வழியில் அண்ணன் கேட்டார். "மூணு தடவை காத்து அடங்கி நல்ல இடைவெளி வந்துச்சே, ஏன் சுடல? எனக்குக் கத்தணும் போல இருந்துது."

"நடுக்கொடி மட்டும் நிக்கவே இல்லைங்க. நீங்க கத்தியிருந்தா சுட்டுத் தவறவிட்டிருப்பேன்."

நண்பர்களே, இந்தக் கூட்டம் முடிந்ததும் செயற்குழு நான்கு புதிய துப்பாக்கிகளுக்குக் கையெழுத்திடப் போகிறது. நான்கும் ஒரே நீளம், போல்ட்டும் ஒரே பக்கம், ஒரே பட்டியலின் ஒரே பக்கத்திலிருந்து. நல்ல துப்பாக்கிகள்தாம், மறுக்கவில்லை. குழல் நேராக இருக்கும், விசை மென்மையாக இருக்கும். ஆனால் யாருடைய தோளுக்கு? யாருடைய கைக்கு? யாருடைய கன்னத்துக்கு? துல்லியம் குழலில் பாதி. மீதிப் பாதி, அதன் பின்னால் படுத்திருக்கும் மனிதர். அந்தப் பாதியை அளக்காமல் வாங்கினால், இன்னொருவரை இரண்டு வருடம் "நிலைக்கல" என்று சொல்லப் போகிறோம். அவர் நம்மிடம் வாய் திறந்து சொல்லப் போவதும் இல்லை. ஒரு நாள் வருவதை நிறுத்திக்கொள்வார். நாம் அதற்கும் ஒரு காரணம் சொல்வோம்.

ஒரு சிறு வேண்டுகோள். இந்த அரங்கில் இடது கைக்காரர்கள் கையை உயர்த்துங்கள். எந்தக் கை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்று, மூன்று, ஆறு... அம்மா, நீங்களுமா? ஒன்பது. ஒன்பது பேர். ஏன் முன்வரிசை எனக்குப் பின்னால் காட்டுகிறது?

தலைவர் அவர்களே.

எத்தனை வருடங்களாக ஐயா? இருபத்தாறா? இருபத்தாறு வருடங்களாக வலது கைத் துப்பாக்கியிலா?

நான் இதற்கு மேல் பேசினால் அது அதிகப்பிரசங்கம். பேனா உங்களிடம் இருக்கிறது, அளவு நாடா என்னிடம் இருக்கிறது. நாளைக் காலை சுடுதளத்தில் பாய் விரித்து வைக்கிறேன். பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், கைக்குழந்தைகளைத் தூங்கவைத்துக்கொண்டே கேட்ட தாய்மார்களுக்கும், உயர்ந்த பத்துக் கைகளுக்கும் நன்றி கூறி விடைபெறுகிறேன். வணக்கம்.