பச்சைச் சாடி இரண்டு

ரொறொன்ரோவில் பழைய பிரெஞ்சு மண்பாண்டங்கள் ஒரேயொரு மனிதனிடம்தான் உண்மை பேசும். அந்த மனிதன் நான். பணிவுக்காகக் குறைத்துச் சொல்கிறேன்.

நானூறு வருடப் பாத்திரங்களின் பச்சை மெருகில் என்னென்ன உலோகம் இருக்கிறது என்று எக்ஸ்ரே கருவியால் அளப்பது என் ஆராய்ச்சி. பக்கத்து மேசை மிதுனன் ஓட்டுத் துண்டுகளை நக்கிப் பார்ப்பான். அகழ்வுக்குப் போகிறவர்களின் பழக்கம் அது. மெருகில்லாத மண் நாக்கில் ஒட்டும். அவனுக்கு 'நாய்க்குட்டி' என்று பெயர் வைத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

பிறகு, முழுக்கப் பழையது என்று நான் எழுதிக்கொடுத்த தட்டின் விளிம்பை அவன் நக்கினான்.

"மச்சான், உந்த விளிம்பு பிறகு ஒட்டினது. பிளாஸ்டிக் மாதிரிக் கிடக்கு."

சரியாக இருந்தது. பேராசிரியர் ஸ்டெபனி அந்தத் தட்டைப் பற்றிய கட்டுரையிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டு அவன் பெயரைப் போட்டார்.

நான் கோபப்படவில்லை, ஒபிசர். அவனுடைய நாக்குக்கு ஒரு பரீட்சை வைத்தேன், அவ்வளவுதான். ஒஷாவாவில் வாங்கிய இரண்டு பச்சைச் சாடிகள் என்னிடம் இருந்தன. பார்வைக்கு ஒன்றுபோல. கருவிக்கு அப்படியல்ல: ஒன்று பழையது, மெருகு முழுக்க ஈயம், மற்றது இந்தக் காலத்துப் போலி, ஈயமே இல்லை. இரண்டிலும் அம்மா போட்ட தேசிக்காய் ஊறுகாயை நிரப்பி வீட்டுச் சமையலறையில் வைத்தேன். புளிப்பு ஈயத்தைக் கரைக்கும். போலி அம்மாவுக்கு. பழையதிலிருந்து கிழமைதோறும் மிதுனனுக்கு.

"அன்ரியின்ர ஊறுகாய் இனிக்குதடா," என்றான்.

ஈயம் இனிக்கும். நாக்கு சரியாகத்தான் சொன்னது; அவன்தான் கேட்கவில்லை.

இப்போது அவனால் பேனை பிடிக்க முடியாது. மணிக்கட்டு தொங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் காரணம் தேடுகிறார்களாம். காரணம் நான். எழுதிக்கொள்ளுங்கள்.

மேசையில் நீங்கள் வைத்திருக்கும் சாடி அம்மாவின் சாப்பாட்டு மேசையில் இருந்தது என்கிறீர்கள். அப்படியென்றால் அது போலி. அம்மா உங்களிடம் சொன்னதையும் வாசித்துக் காட்டினீர்கள்:

"தைப்பொங்கலுக்கு ரெண்டையும் கழுவினனான், பிள்ளை. எது எதெண்டு ஆர் கண்டது? மூடி வடிவாப் பொருந்தினதை நான் எடுத்தனான்."

அளந்தால் தெரிந்துவிடும். கருவி ஆய்வுகூடத்தில் இருக்கிறது, நான் இங்கே இருக்கிறேன்.

நீங்கள் தொலைபேசியை எடுக்கத் திரும்பினீர்கள். நான் விரலைச் சாடிக்குள் மிஞ்சியிருந்த ஊறுகாயில் விட்டு நக்கிப் பார்த்தேன்.

இனித்தது.